ஆட்டம் வேறு, அதிர்வு வேறு: கார் என்ஜின் மவுண்டிங்கைச் சோதித்து மாற்றும் முறை

"என்ஜின் ரொம்ப ஆடுது" என்று ஒருவர் காரைக் கொண்டுவந்தால், முதலில் கேட்க வேண்டியது: ஆடுகிறதா, அதிர்கிறதா? இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் மருந்து நேரெதிர். கியர் போட்டு எடுக்கும்போது 'டொக்' என்று முட்டுவதும், ஆக்சிலரேட்டரை விட்டதும் கார் முன்னும் பின்னும் குலுங்குவதும் ஆட்டம். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்குவதும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிவதும் அதிர்வு. ஆட்டத்தைக் குறைக்க என்ஜினை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதிர்வைக் குறைக்க அதைத் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒரே ரப்பர் துண்டு செய்கிறது. அதைத்தான் மவுண்டிங் என்கிறோம். எது உங்கள் பிரச்சினை என்று தெரியாமல் கையை வைத்தால், ஒன்றைச் சரிசெய்து மற்றதை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

இங்கே சொல்வது பெரும்பாலும் முன்சக்கரம் இழுக்கும், என்ஜின் குறுக்காக வைத்த பெட்ரோல் ஹேட்ச்பேக் கார்களுக்கு. நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா போலப் பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளுக்கு எங்கே மாறுபடும் என்பதை இடையில் சொல்கிறோம்.

என்ஜினை எது பிடித்திருக்கிறது

பானட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் மூன்று இடத்தில் பிடிமானம் இருக்கும். ஒன்று, பெல்ட் ஓடும் பக்கத்தில், கூலன்ட் டப்பாவுக்கு அருகே பாடியோடு பிணைத்த என்ஜின் மவுண்டிங். இரண்டாவது, எதிர்ப்பக்கத்தில், பெரும்பாலும் பேட்டரி தட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் கியர் பாக்ஸ் மவுண்டிங். இந்த இரண்டும்தான் எடையைத் தாங்குகின்றன. மூன்றாவது கீழே, பின்பக்கமாக, நாய் கடிக்கும் எலும்பு வடிவத்தில் ஒரு சிறு தண்டு. அதன் இரு முனையிலும் ரப்பர் புஷ் (நடுவில் இரும்புக் குழல் வைத்த ரப்பர் உருளை) இருக்கும். இதற்கு டார்க் ராட் என்று பெயர். இது எடையைத் தாங்குவதில்லை, என்ஜின் புரளாமல் பிடித்துக்கொள்கிறது. சில கார்களில் முன்பக்கம் நான்காவதாக ஒன்றும் இருக்கும்.

என்ஜினின் எடை மையத்தின் ஊடாகப் போகும் ஒரு அச்சில் அதை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டு, புரள்வதை மட்டும் தனியாக ஒரு கை பிடித்துக்கொள்ளும் இந்த யோசனை பழையது. 1931இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் 4 சிலிண்டர் பிளிமத் காரில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே பிரான்சின் சிட்ரோயன் உரிமம் வாங்கி, தண்ணீரில் சலனமில்லாமல் மிதக்கும் அன்னப்பறவையை அதற்கு முத்திரையாக வைத்துக்கொண்டது.

டார்க் ராட் எவ்வளவு சுமக்கிறது என்று தெரிந்தால் அது ஏன் முதலில் போகிறது என்பதும் புரியும். என்ஜினின் முறுக்குவிசை 110 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரின் விகிதம் 3.5, டிஃபரன்ஷியலில் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி) கிடைக்கும் கடைசி விகிதம் 4 என்றால், சக்கரத்துக்குப் போவது 14 மடங்கு, அதாவது 1540 நியூட்டன் மீட்டர். முன்சக்கர இழுவை காரில் டிஃபரன்ஷியலும் அதே கூட்டுக்குள் இருப்பதால், இந்த முழு விசையின் எதிர்விசையும் மவுண்டிங்குகள் மேல்தான் விழும். டார்க் ராட் புரளும் அச்சிலிருந்து 40 சென்டிமீட்டர் கீழே இருந்தால், அந்தச் சிறு புஷ்மேல் சுமார் 390 கிலோ இழுப்பு. ஏற்காட்டு மலையேற்றத்தில் முதல் கியரில் முழுதாக மிதிக்கும்போது நடப்பது இதுதான். பின்சக்கர இழுவை வண்டியில் டிஃபரன்ஷியல் பின்னால் ஆக்சிலோடு இருப்பதால் கடைசி விகிதத்தின் பங்கு என்ஜின் மவுண்டிங்குக்கு வராது. அங்கே என்ஜின் பக்கவாட்டில் புரளப் பார்க்கும். இடப்பக்கம் மேலே எழும், வலப்பக்கம் அழுந்தும். அதனால் இடப்பக்க மவுண்டிங் முதலில் கிழிவது வழக்கம்.

மவுண்டிங்கைத் தொடுமுன்

அதிர்வு என்றதும் மவுண்டிங்கை மாற்றிவிடுவது பரவலான தவறு. மூன்று மவுண்டிங்கும் புதிதாகப் போட்ட பிறகும் நடுக்கம் அப்படியே இருந்தால், குற்றவாளி வேறெங்கோ இருந்திருக்கிறான். ஆகவே கீழே உள்ள வரிசையில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

முதல் கேள்வி: நடுக்கம் காரின் வேகத்தைப் பின்தொடர்கிறதா, ஆர்பிஎம்மைப் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகளை) பின்தொடர்கிறதா? காலியான நேர்ச்சாலையில், நடுக்கம் வரும் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிச் சில விநாடிகள் உருளவிடுங்கள். (சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும்.) என்ஜின் ஐடிலுக்கு (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் குறைந்த சுற்றுக்கு) இறங்கியும் நடுக்கம் அப்படியே இருந்தால் அது டயர், ரிம், வீல் பாலன்சிங் சமாச்சாரம். 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் ஆடுவது பெரும்பாலும் இதுதான். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் நின்றால் ஆக்சிலின் உட்பக்க ஜாயின்டைச் சந்தேகியுங்கள். கிளட்ச்சை விடும் அந்த ஒரு கணத்தில் மட்டும் கார் உதறினால் கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், பிளேட் சூடேறிப் பளபளத்திருக்கலாம். டார்க் ராட் கிழிந்திருந்தாலும் இதே உதறல் பெரிதாகும். எனவே கிளட்ச்சைப் பிரிக்கச் சொல்லும் முன் டார்க் ராடைப் பாருங்கள். அது மலிவு, பிரிப்பதும் சுலபம்.

வண்டி நிற்கும்போதே நடுங்கினால், என்ஜின் ஒழுங்காக ஓடுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் எந்த மவுண்டிங்கும் அதை மறைக்காது. சைலன்சர் முனையில் கையை அருகே வைத்துப் பாருங்கள், தொட வேண்டாம். காற்று சீராக வராமல் இடையிடையே 'புஃப்' என்று விட்டுவிட்டு வந்தால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (காரின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் இடம்) ஸ்கேனரை மாட்டினால் பி0300 என்ற குறியீடு பொதுவான மிஸ்ஃபயரையும், பி0301, பி0302 போன்றவை எந்த சிலிண்டர் என்பதையும் சொல்லும். குறியீடு இல்லை என்பதற்காக என்ஜின் நலம் என்று முடிவுகட்ட வேண்டாம், லேசான மிஸ்ஃபயர் விளக்கை எரியவைக்காது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறத்தையும் இடைவெளியையும் பாருங்கள். சரியான இடைவெளி காருக்குக் கார் மாறும், கையேட்டில் இருக்கும். ஓடும் என்ஜினில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும்) காயிலைக் கழற்றி 'எது செத்தது' என்று தேடுவது பழைய வழக்கம். அப்படிச் செய்தால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கும். வேண்டாம்.

என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி படிந்தால் ஐடிலிங் இறங்கி நடுக்கம் கூடும். ஏசி போட்டதும் ஆர்பிஎம் சற்று ஏற வேண்டும். ஏறாமல் இறங்கித் தடுமாறினால் அங்கேதான் கோளாறு. சுத்தம் செய்த பிறகு சில கார்களில் ஐடிலை மறுபடி கற்றுக்கொள்ளவைக்க ஸ்கேனர் தேவைப்படும். வேக்கம் குழாயில் வெடிப்பு, கம்ப்ரெஷன் குறைவு, டீசல் என்றால் இன்ஜெக்டர் ஆகியவையும் இதே வரிசையில் வரும். கிராங்க் புல்லியையும் ஒருமுறை பாருங்கள். அதன் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் பட்டை உண்டு. ஓடும்போது புல்லி பக்கவாட்டில் தள்ளாடினால் அந்த ரப்பர் பிரிந்துவிட்டது. அந்த நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது, பெல்ட்டை உருவிவிடும்.

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை: என்ஜின் வேறெதையாவது தொடுகிறதா? மவுண்டிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சைலன்சர் குழாய் பாடியில் உரசினால் அதிர்வு அந்தக் குறுக்கு வழியில் உள்ளே வந்துவிடும். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்கள், வெப்பத் தகடு, ஏசி குழாயின் கிளிப், ஏர் ஃபில்டர் பெட்டியின் ரப்பர், ரேடியேட்டர் புஷ் எல்லாவற்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். என்ஜினின் அடியைக் காக்க வெளியில் வாங்கிப் போட்ட இரும்புச் சம்ப் கார்டு இருந்தால், ஒருநாள் அதைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். அதற்கும் ஆயில் சேம்பருக்கும் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) நடுவே விரல் நுழையும் இடம்கூட இல்லாமல் மாட்டியிருப்பார்கள்.

மவுண்டிங்கைச் சோதிக்கும் விதம்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். உள்ளே இருப்பவர் கார் ஓட்டத் தெரிந்தவராக, பிரேக்கை விடாமல் மிதிப்பவராக இருக்க வேண்டும். நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள். காருக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. துப்பட்டா, துண்டு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கும்.

என்ஜின் மூடியில் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கு நேராகப் பாடியில் ஒரு கோடு. போனில் ஸ்லோமோஷன் வீடியோவை ஓடவிட்டு, உள்ளே இருப்பவரை முதல் கியரில் மெல்ல ஹாஃப் கிளட்ச் வரை விடச் சொல்லுங்கள். என்ஜின் இழுக்கத் தொடங்கியதும் உடனே கிளட்ச்சை மிதிக்க வேண்டும், ஓரிரு விநாடிக்கு மேல் பிடித்தால் பிளேட் கருகும். பிறகு ரிவர்ஸில் அதே மாதிரி. முதல் கியரில் என்ஜினின் தலை டாஷ்போர்டு பக்கம் சாயும், ரிவர்ஸில் ரேடியேட்டர் பக்கம் சாயும். சாய்வதே தவறல்ல, அது சாயும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். மெதுவாகச் சாய்ந்து ரப்பரில் அமர்ந்து நின்றால் நலம். கோடு ஒரு அங்குலத்துக்கு மேல் விலகினாலோ, கடைசியில் 'டொக்' என்று இரும்பு இரும்பில் முட்டினாலோ கெட்டுவிட்டது. ஆட்டோமேட்டிக் கார் என்றால் பிரேக்கை மிதித்தபடி டிரைவிலிருந்து (D) ரிவர்ஸுக்கும் (R), ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கும் மாற்றினால் போதும்.

இப்போது என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, டார்ச்சோடு ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரப்பரின் மேற்பரப்பில் மயிரிழைபோல் வெடிப்பு இருப்பது வயதின் அடையாளம், அதற்காக மாற்ற வேண்டியதில்லை. ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தால், வெடிப்புக்குள் ஸ்க்ரூடிரைவர் முனை இறங்கினால், நடுவில் இருக்க வேண்டிய உருளை ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். சில மவுண்டிங்குகளுக்குள் திரவம் நிரப்பியிருப்பார்கள். அடியில் கறுப்பாகப் பிசுபிசுவென ஒழுகியிருந்தால் அது கிழியாவிட்டாலும் செத்தது. பள்ளத்தில் இறங்கும்போது அது தட்டும்.

கிழியாமலே கெடுவதும் உண்டு, புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். என்ஜின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்த ரப்பர் கெட்டித்து, எடையில் அமுங்கி, அடியில் உள்ள தடுப்பில் போய் உட்கார்ந்துவிடும். பார்க்க முழுசாக இருக்கும். ஆட்டமும் இருக்காது. ஆனால் ஐடிலிங்கில் கார் முழுவதும் நடுங்கும், ஏனென்றால் இப்போது அது ரப்பர் அல்ல, இரும்புப் பாலம். கண்டுபிடிக்க ஒரு வழி: ஆயில் சேம்பர் விளிம்பில் மரப்பலகை வைத்து ஜாக்கியால் என்ஜினைச் சில மில்லிமீட்டர் மட்டும் தூக்கி, ஓடவிட்டுப் பாருங்கள். காருக்கு அடியில் தலையை விடாமல், வெளியில் நின்றபடியே. அந்தச் சில மில்லிமீட்டரில் நடுக்கம் சட்டென்று மாறினால் மவுண்டிங் அமுங்கியிருக்கிறது.

சாமான் வாங்கும்போது

சேசிஸ் எண்ணைக் கொண்டுபோங்கள். ஒரே பெயர் கொண்ட காரில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும், மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் மவுண்டிங் வேறு. துளைகள் பொருந்தும், ரப்பரின் கடினம் பொருந்தாது. சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதிதும் புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கும். பழைய கதவு வாங்குங்கள், பழைய கண்ணாடி வாங்குங்கள், பழைய ரப்பர் வாங்காதீர்கள். உடைத்த காரிலிருந்து எடுத்த மவுண்டிங் உங்கள் மவுண்டிங் வெந்த அதே சூட்டில்தான் வெந்திருக்கும்.

மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டுமா? ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரில் டார்க் ராடும் என்ஜின் பக்க மவுண்டிங்கும் ஒன்றாக மாற்றுவது நல்லது. கியர் பாக்ஸ் பக்கத்தது பொதுவாகக் கூடுதல் நாள் உழைக்கும், சோதனையில் தேறினால் விட்டுவிடலாம். பணம் கையைக் கடித்தால் டார்க் ராடிலிருந்து தொடங்குங்கள்.

டார்க் ராட் மாற்றுதல்

வீட்டில் செய்யத்தக்கது இது. ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்ட், 14, 17, 19 எம்.எம். சாக்கெட்டுகள், நீளமான கைப்பிடி, டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), துரு இளக்கும் ஸ்ப்ரே இருந்தால் போதும். காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

முதல் நாள் இரவே போல்ட்டுகளுக்கு ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். ரப்பரில் படாமல் அடிக்க வேண்டும், எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். மறுநாள் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கையால் உலுக்கிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பின் அடியில் போங்கள். பெரும்பாலான கார்களில் மேல் இரண்டு மவுண்டிங்கும் எடையைத் தாங்கிக்கொண்டிருப்பதால் டார்க் ராடைக் கழற்றினால் என்ஜின் விழாது. ஊஞ்சல்போல முன்பின் அசையும், அவ்வளவுதான். ஆனால் மேல் மவுண்டிங் ஏதேனும் கிழிந்திருந்தால் முதலில் என்ஜினுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுமுன் ஒரு போட்டோ. ராட் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, அம்புக்குறி எங்கே பார்த்தது என்பது பிறகு நினைவிருக்காது. பெரிய புஷ் ஒருபக்கமும் சிறியது மறுபக்கமும் இருக்கும், மாற்றிப் போட்டால் சில கார்களில் மாட்டவும் செய்யும். அதுதான் ஆபத்து. பழையதை உருவிப் புதியதை வைத்து, எல்லா போல்ட்டையும் கையால் நாலு மரை ஏற்றுங்கள். துளை நேராக வராவிட்டால் என்ஜினைக் கையால் தள்ளுங்கள். போல்ட்டைச் சுத்தியலால் அடித்து உள்ளே அனுப்பினால் மரை போய்விடும்.

இறுக்குவதில்தான் சூட்சுமம். அடியில் நுழைய இடம் இருந்தால், கார் தன் சக்கரத்தில் நிற்கும் நிலையில் கடைசி இறுக்கலைச் செய்யுங்கள். புஷ்ஷின் நடுக்குழல் போல்ட்டோடு பூட்டிக்கொள்ளும், அந்த நொடியில் ரப்பர் எந்த நிலையில் இருந்ததோ அதுவே அதன் ஓய்வு நிலை. கார் தொங்கிக்கொண்டிருக்கும்போதோ, என்ஜின் ஒருபக்கம் தள்ளப்பட்டிருக்கும்போதோ இறுக்கினால் ரப்பர் பிறந்ததிலிருந்தே முறுக்கிக்கொண்டிருக்கும். சீக்கிரம் கிழியும், அதுவரை அதிரும். இறுக்கும் அளவு காருக்குக் கார் வேறு. 10 எம்.எம். போல்ட்டுக்கு 50 நியூட்டன் மீட்டர் அருகிலும், 12 எம்.எம். போல்ட்டுக்கு 80 முதல் 100 வரையிலும் இருப்பது வழக்கம் என்றாலும், உங்கள் காரின் ஒர்க்‌ஷாப் கையேட்டு எண்தான் செல்லும். சில போல்ட்டுகளை ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். அவற்றைப் புதிதாக வாங்குங்கள்.

என்ஜின் பக்க மவுண்டிங், கியர் பாக்ஸ் மவுண்டிங்

இவை எடையைத் தாங்குபவை, ஆகவே விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்று. இரண்டையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள்.

என்ஜின் பக்கத்துக்குக் கூலன்ட் டப்பாவைக் குழாயோடு ஓரமாக ஒதுக்குங்கள். கியர் பாக்ஸ் பக்கத்துக்குப் பேட்டரியையும் அதன் தட்டையும் எடுக்க வேண்டியிருக்கும். முதலில் நெகட்டிவ் முனை, பிறகு பாசிட்டிவ். அடுத்து, என்ஜினுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியின் இரும்புத் தலையை நேராக ஆயில் சேம்பரில் வைத்தால் தகடு உள்ளே குழியும். அங்கேதான் ஆயில் உறிஞ்சும் குழாயின் வாய் இருக்கிறது. குழிவு அதை அடைத்தால் ஆயில் பிரஷர் போய், மவுண்டிங் மாற்றப் போனவர் என்ஜின் மாற்றிக்கொண்டு வருவார். இரண்டங்குல கனமுள்ள, சேம்பரின் அகலத்துக்கு நீண்ட பலகையை வைத்து, விளிம்பில் எடை இறங்கும்படி தூக்குங்கள். கியர் பாக்ஸ் பக்கத்துக்கு அதன் வார்ப்புக்கு அடியிலேயே பலகை வைக்கலாம்.

எவ்வளவு தூக்குவது? எடை மட்டும் ஜாக்கிக்கு மாறினால் போதும். போல்ட் இளகியதும் விரலால் சுழன்று வெளியே வந்தால் உயரம் சரி. இறுகிக்கொண்டே வந்தால் ஜாக்கி கூடவோ குறையவோ இருக்கிறது, ஒரு நூல் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அதிகம் தூக்கினால் ரேடியேட்டர் குழாய், ஏசி குழாய், ஆக்சில் ஜாயின்ட், சைலன்சரின் வளையும் பகுதி நான்கும் இழுபடும். புதியதை வைத்து, போல்ட்டுகளைக் கையால் ஏற்றி, ஜாக்கியை மெல்ல இறக்கி, எடை ரப்பரில் அமர்ந்த பிறகு இறுக்குங்கள்.

மூன்றையும் மாற்றியிருந்தால் கடைசியாக ஒரு வேலை. மூன்றின் நடுபோல்ட்டுகளையும் அரைச்சுற்று இளக்கி, என்ஜினை முன்னும் பின்னும் கையால் ஆட்டி, அதுவாக நடுவில் உட்காரவிட்டு, எடை தாங்கும் இரண்டை முதலிலும் டார்க் ராடைக் கடைசியிலும் இறுக்குங்கள். எல்லாம் புதிதாகப் போட்டும் அதிர்வு போகாத பல கார்களுக்கு இந்தப் பத்து நிமிட வேலைதான் பாக்கி.

என்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கம்பியை மவுண்டிங் போல்ட்டோடு சேர்த்துப் பூட்டியிருப்பார்கள். அதை மறந்தால் ஸ்டார்ட்டரின் கரண்ட் கியர் கேபிள் போன்ற மெல்லிய வழிகளைத் தேடிப் போகும். கேபிள் சூடாகிப் புகைந்தால் காரணம் இதுதான்.

கெட்டியாகப் போடலாமா?

'ரப்பர் சீக்கிரம் போகுது, பாலியூரித்தேன் போடுங்க' என்று, ரப்பரைவிடக் கெட்டியான பிளாஸ்டிக் வகையை யாராவது சொல்வார்கள். ஆட்டத்துக்கு அது நல்ல மருந்துதான். அதிர்வுக்கு என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு ஒன்றரை முறை வெடிக்கிறது. 800 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 20 உதை. என்ஜின் தன் ரப்பர்மேல் இயல்பாக ஆடும் வேகம் விநாடிக்கு 10 என்றால், தணிப்பைச் சேர்க்காத கணக்கில், உதையின் மூன்றில் ஒரு பங்குதான் பாடிக்குப் போகும். ரப்பர்களின் விறைப்பை இரட்டித்தால் அந்த இயல்பு வேகம் 14 ஆகும். இப்போது உதை முழுவதும் அப்படியே உள்ளே வரும், வடிகட்டல் பூஜ்யம். இன்னும் விறைத்தால், உதையின் வேகமும் இயல்பு வேகமும் ஒன்றாகும் ஒத்ததிர்வை நெருங்கிப் பல மடங்காகும். 4 சிலிண்டருக்கு அதே ஐடிலில் விநாடிக்கு 27 உதை என்பதால் கொஞ்சம் தாராளம் உண்டு. 796 சிசி மாருதி 800 முதல் இன்றைய 1 லிட்டர் கார்கள் வரை 3 சிலிண்டர் வண்டியில் கெட்டி மவுண்டிங் போட்டவர்கள் சிக்னலில் பல் ஆடுகிறது என்று புலம்புவதன் காரணம் இதுதான்.

அப்படியும் வேண்டும் என்றால் டார்க் ராட் புஷ்ஷை மட்டும், அதிலும் ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தைச் சொல்லும் அளவுகோல்) 70ஐத் தாண்டாத வகையாகப் பாருங்கள். எடை தாங்கும் இரண்டையும் கம்பெனி ரப்பரிலேயே விடுங்கள். கிழிந்த இடத்தில் சைக்கிள் ட்யூபை மடித்துத் திணிப்பது, இரும்புத் தண்டை வெல்டு வைப்பது எல்லாம் ஊருக்குத் திரும்பிப் போகும் அவசரத்துக்கு மட்டும். வெல்டு வைத்த மவுண்டிங் பாடியில் உள்ள பிராக்கெட்டையே வெடிக்கவைக்கும்.

ஓட்டிப் பார்த்தல்

வேலைக்கு முன்பே ஓர் அளவு எடுத்து வைத்திருந்தால் இப்போது உதவும். டாஷ்போர்டில் முக்கால் தம்ளர் தண்ணீர் வைத்து, ஏசி போட்டு, ஐடிலில் அதன் பரப்பை வீடியோ எடுங்கள். பழைய வீடியோவோடு ஒப்பிட்டால் போதும். புது ரப்பர் முதல் சில நாள் சற்று விறைப்பாகவே இருக்கும். சாவியை அணைக்கும்போது 3 சிலிண்டர் என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்பது அதன் பிறவிக்குணம், அதை எந்த மவுண்டிங்காலும் மாற்ற முடியாது.

கியர் விழுவது சுளுவாக இருக்கிறதா, சைலன்சர் எங்கும் முட்டவில்லையா, ஸ்டீயரிங் இருபக்கமும் முழுதாகத் திருப்பும்போது ஆக்சில் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பின் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் அந்த போல்ட் திரும்பியிருக்கிறது. அதைக் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, மறுபடி அளவுக்கு இறுக்குங்கள்.